உப்பு

என் பெயர் ஆரோக்கியமேரி.
சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துவிடலாம்.

கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா,
ஏழு கிழமைக்கு ஏழு அறை.
லித்தியம்.
பாறையிலிருந்து எடுக்கும் உப்பு என்று
மருந்தியல் வகுப்பில் எழுதிக்கொண்டேன்,
சிவப்பு மையில் கோடும் போட்டேன்,
எனக்கானது என்று தெரியாமல்.

தெரிந்தது மூன்றாமாண்டு ஐப்பசியில்.
ஐந்து நாள் உறக்கமில்லை, தேவையும் இல்லை.
தேவகோட்டை ரஸ்தாவில் இறங்கி
மழையோடு காரைக்குடி வரை நடந்தேன்.
பெண்கள் வார்டின் இருபத்திரண்டு கட்டிலுக்கும்
ஆற்றின் பெயர்கள் சூட்டினேன்.
பிறகு நாற்பது நாள்
சீப்பைத் தலைவரை தூக்க முடியவில்லை.

அம்மா ஊரில் மஞ்சக்காமாலை என்றாள்.
மாப்பிள்ளை வீட்டார் கீழாநெல்லி கொடுத்தனுப்பினார்கள்.
அப்புறம் யாரோ அவர்களிடம் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

இரவுப் பணி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன்.
தூக்கம் கெட்டால்
எனக்கு எதெல்லாம் கெடும் என்பதை எழுதவில்லை.
காரணம் என்ற கட்டத்தில்
ஒற்றைத் தலைவலி.
மேட்ரன் சிந்தாமணி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"தலை இருக்கிற எல்லாருக்கும் இருக்கு.
மாசம் ஆறு ராத்திரி."

அந்த ஆறில் ஒன்று, வைகாசி முகூர்த்த நாள்.
கானாடுகாத்தான் கல்யாண வீட்டிலிருந்து
சமையல் மாஸ்டரைத் தூக்கி வந்தார்கள்.
வயிரவன். என் வயதுதான்.
நாக்கு குழறியது, கால் பின்னியது,
அட்டையில் எழுதினார்கள்: குடிபோதை.
"அவரு குடிக்கவே மாட்டாருங்க,"
மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.
சுவர்தான் கேட்டது.

கையை நீட்டுங்கள் என்றேன்.
என் நடுக்கம் எனக்குத் தெரியும்,
வாளி எடுத்த பின் கிணற்று நீரில் ஆடும் வெளிச்சம்.
இது அதுவல்ல.
இது கொதிக்கிற உலையின் மூடி.

மஞ்சள் பைக்குள் துழாவினேன்.
புகையிலை, பாக்கு, பேரம் எழுதிய சீட்டு,
அடியில் பாதி கத்தரித்த அட்டை.
விளக்கில் பார்ப்பதற்கு முன்பே
விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"சமீபத்துல சாப்பாட்டுல எதுவும் மாத்தினீங்களா?"
"பிரஷர்னாங்க. ஒரு மாசமா உப்பே சேக்கல.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு
ஊருக்கெல்லாம் சொல்றவருங்க."
மூன்று நாளாய் விறகடுப்பு,
ஐந்நூறு இலை,
வேர்வையில் இருந்த உப்பும் போயிருக்கும்.
உப்பு வெளியேறினால்
இந்த உப்பு உள்ளேயே தங்கிவிடும்.
போன கோடையில்
என் வீட்டுக் குளியலறைத் தரையில்
இதைப் படித்தேன்.

பயிற்சி டாக்டரை எழுப்பினேன்.
ரத்தம் போனது, எண் வந்தது,
இரண்டு புள்ளி ஆறு.
அவர் அட்டையிலிருந்ததை அடித்தார்.
"எப்படித் தோணுச்சு சிஸ்டர்?"
"படிச்சிருக்கேன் சார்."
பொய்யில்லை.

விடியும்வரை சொட்டுச் சொட்டாக
உப்புத் தண்ணீர் இறங்குவதை எண்ணினேன்.
எனக்கும் தாகம். எப்போதும் தாகம்.
சம்பை ஊற்று முழுதும் குடித்தாலும்
வரும் வழியிலேயே நா வறண்டுவிடும்.

மூன்றாம் நாள் வயிரவனுக்குப் பேச்சு திருந்தியது.
ஊசி போட முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டேன்.
பார்த்துக்கொண்டே இருந்தார்.
"நானும் கரண்டிய அப்படித்தான் பிடிப்பேன்."
நான் பஞ்சை அழுத்தினேன்.
"எத்தன வருஷமா?"
"ஒம்போது," என்றேன்.
ஒன்பது வருடத்தில் அந்த எண்ணை
டாக்டரல்லாத ஒருவரிடம் சொன்னது அதுதான்.
அவர் கேட்டதெல்லாம்
காலையில் இட்லி வருமா என்று.

பணி முடிந்து மாடியேறினேன்.
கடிதம் கையில்,
காரணக் கட்டத்தில் அடித்து எழுதியிருந்தேன்.
மேட்ரன் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்.
"என்ன?"
"தலைவலி இல்ல, மேடம்."
"நல்லதுதானே," என்று
ஊறுகாய் மூடியைத் திருகினார்.
அது திறக்கவில்லை.
வாங்கித் திறந்து கொடுத்தேன்.
கடிதத்தை இன்னும் நீட்டவில்லை.
நான் இன்னும் போகவும் இல்லை.